குதிரையில் ஒரு கால்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாங்க. இந்த மலைப் பாதையை எட்டி எட்டிப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு. பையை மேல வெச்சிருங்க. ஊட்டிதானுங்களே? நானும் ஊட்டிதான். ஆனா ஊட்டிக்குள்ள போகமாட்டனுங்க. பஸ் ஸ்டாண்டோட சரி. அதைத் தாண்டி ஒரு எட்டு வெக்க எனக்கு அனுமதி கிடையாது.

அட, பயப்படாதீங்க. போலீஸ் கேஸெல்லாம் இல்லை. குதிரை கேஸு.

ஒரு சிட்டிகை போடறீங்களா? வேண்டாமா? நல்ல சரக்குங்க. நம்ம சொந்தக் கடை மூக்குப்பொடி. கோபிச்செட்டிபாளையத்துல எறங்கி பொடிக்கடை குப்பண்ணன்னு கேட்டீங்கன்னா கொழந்தைகூட வழி சொல்லும். பாருங்க, டப்பாவைத் தெறந்ததுக்கே தும்மறீங்க. மலைக் காத்துங்க அது. மேட்டுப்பாளையம் தாண்டுனா எல்லாருக்கும் வந்துரும். நான் ஏர்ற பஸ்ஸுல எல்லாம் பக்கத்துல உக்காந்தவங்க தும்மிக்கிட்டேதான் வருவாங்க. எறங்கும்போதும் தும்முவாங்க. அது கீழ்நாட்டுக் காத்து.

எதுல விட்டேன்? ஆமா, குதிரை கேஸு. எனக்கு ஒரு குதிரை இருந்துச்சுங்க. குதிரைன்னா ஜட்கா வண்டிக் குதிரை இல்லை, ரேஸ் குதிரை. முழுக் குதிரைன்னு சொன்னா பொய். ஒரு கால். நாலு பேரு கூட்டாச் சேந்து வாங்கறது, ஆளுக்கு ஒரு கால்னு கணக்கு. அதுல பின்னங்கால், இடது பக்கத்துது, என்ர கால். அப்படி ஒண்ணும் எழுதிக் குடுக்கலை, நானா வெச்சுக்கிட்டதுதான். ஏன்னா அவளுக்கு அந்தக் காலுல மட்டும் குளம்புக்கு மேல வெள்ளி வளையம் போட்டாப்பல வெள்ளையா ஒரு பட்டை இருக்கும். அதனாலதான் அவளுக்கு சில்வர் ஆங்க்லெட்னு பேரு. வெள்ளிக் கொலுசுன்னு அர்த்தமாமுங்க. எனக்கு அது வாயில நுழையலை. நான் அம்மிணின்னுதான் கூப்புடுவேன்.

பொடிக் கடைக்காரனுக்கு ரேஸ் குதிரை எதுக்குன்னு கேப்பீங்க. என்ர ஊட்டுக்காரி துளசிமணியும் அதையேதான் கேட்டா. "ஒரு காலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, சூப்பு வெக்கறதுக்கா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்! எனக்கு ஒரு போட்டோ வேணுமுங்க. அதுக்காகத்தான் அத்தனையும்.

கோயமுத்தூருல என்கூடப் படிச்சவர் ஒருத்தர், வரதராஜுலுன்னு பேரு, மோட்டார் பம்பு கம்பெனி வெச்சிருக்கறாரு. அவரு ஊட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனப்ப நடுக்கூடத்துல ஒரு போட்டோ பாத்தேன். ஜெயிச்ச குதிரையை அதோட முதலாளியே கடிவாளத்தைப் புடிச்சுக் கூட்டத்துக்கு நடுவுல நடத்திக்கிட்டு வருவாருங்க. ரேஸுல அது ஒரு மரியாதை. சுத்தி நின்னு அத்தனை பேரும் கை தட்டறாங்க. இவரு கழுத்துல டை, தலையில தொப்பி, முகத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கலை தம்பி. பள்ளிக்கூடத்துல கணக்குப் பரீட்சைக்கு என்னைப் பாத்து எழுதுன ஆளு அவரு! என்னைப் பாத்து எழுதி அவரும் பெயிலானாரு, அது வேற. ஆனாலும் அவருக்கு இப்படி ஒரு போட்டோ, எனக்கு ரேஷன் கார்டு போட்டோவான்னு ஆயிப் போச்சு. "குப்பண்ணா, ஒரு கால் காலியா இருக்குது, சேந்துக்கறியா?"ன்னாரு. மறு பேச்சில்லாம சேந்துட்டேன்.

முதல் தடவை அவளைப் பாத்தது மெட்ராஸ்ல, கிண்டியில, லாயத்துல வெச்சு. ட்ரைனர் ஒருத்தருங்க, குதிரையைப் பழக்கறவரு, டிமெல்லோன்னு பேரு, சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியன்னு சொல்லுவாங்களே, அந்த ஆளு. அவரு வெளக்கமாச் சொன்னாரு. "கேளு மேன். நம்பள மாதிரி குதிரை வாயால மூச்சு விடாது. மூக்கு மட்டும்தான். அந்த மூக்கு கிளீனா இருந்தா குதிரை ஓடும். இல்லாட்டி நிக்கும்." எனக்குப் புல்லரிச்சுப் போச்சுங்க. நானும் மூக்கை நம்பிப் பொழைக்கறவன், அவளும் மூக்கை நம்பிப் பொழைக்கறவ. எங்க போய்ச் சேந்திருக்கறோம் பாருங்கன்னு, ரெண்டு கையாலயும் அவ மூஞ்சியை ஏந்தி, மூக்குத் தண்டை நல்லாத் தடவிக் குடுத்தேன்.

தும்முனா பாருங்க. மூணு தும்மல். என்ர சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அவளைப் பாத்துக்கற மஸ்தான் பாய் பக்கத்துல நின்னாரு. "இப்படி அவ யாரையும் பாத்துத் தும்முனதில்லையே"ன்னாரு. அவ்வளவுதான், நான் விழுந்துட்டேன். எனக்குப் புள்ளை குட்டி இல்லீங்க தம்பி. துளசிமணி நல்லவதான், ஆனா என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுவா, கல்யாணமான நாள்ல இருந்து. என்னைப் பாத்ததும் ஒரு ஜீவனுக்கு உடம்பெல்லாம் சிலுத்துத் தும்மல் வருதுன்னா, அதை வேற என்னன்னு சொல்றது?

இருங்க, ஒரு சிட்டிகை போட்டுக்கறேன். பழசைப் பேசுனா கை தானாப் போகுது. உங்களுக்குத்தான் சளி போல இருக்குது, கர்ச்சீப்பு இருக்குதுங்களா?

அவ முதல் ஓட்டத்துக்குக் கோட்டு சூட்டுத் தெச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன். கோபியில சூட்டுத் தெக்கற தையக்காரர் ஒருத்தர்தான், அவரும் பேண்டு வாத்தியக்காரங்களுக்குத்தான் தெச்சுப் பழக்கம். கிண்டியில எறங்குனதும் ஒருத்தர் வந்து கல்யாணம் எந்த மண்டபத்துலன்னு கேட்டாரு. போகட்டும். ஓட்டத்துக்கு முன்னால குதிரையை வட்டமா நடத்திக் காட்டுவாங்க, சொந்தக்காரங்க உள்ள போய் நிக்கலாம். எனக்குப் படபடப்பு தாங்கலை, சாதாரணமாப் போடறதை விட எச்சாவே பொடி போட்டுட்டு, நேராப் போய் அவ மூஞ்சியைத் தடவிக் குடுத்து, "அம்மிணி, நம்ம மானத்தைக் காப்பாத்து கண்ணு"ன்னேன். தும்முனா. தலையை ஆட்டிக்கிட்டே போனா. கடைசியா வந்தாளுங்க. அவளுக்குப் பின்னால ஆம்புலன்ஸ் வண்டி மட்டும்தான் வந்துச்சு. அதுகூட ஒரு கட்டத்துல முந்தப் பாத்துச்சு.

அடுத்த ஓட்டத்தப்ப என்ர தங்கச்சி புள்ளைக்குச் சீரு. தாய்மாமன் மொறைக்கு நான் நின்னே ஆகோணும், போகமுடியலை. ட்ரங்கால் வந்துச்சு. அம்மிணி ஜெயிச்சுட்டா! சாதாரண ஜெயிப்பு இல்லை, பின்னால வந்த குதிரைக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு லாரி நிறுத்தலாமாம். சந்தோசத்துல சீருக்கு வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டாவது தடவையும் ஜிலேபி போடச் சொன்னேன். அதுக்கடுத்த ஓட்டத்துக்குப் போனேன். தோத்தா. அதுக்கடுத்ததுக்கு எனக்குக் காய்ச்சல். ஜெயிச்சா.

அப்பவே எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரேஸுக்காரங்க இருக்கறாங்களே தம்பி, படிச்சவங்க, கோட்டுப் போட்டவங்க, இங்கிலீசு பேசறவங்க, ஆனா ராசி பாக்கறதுல நம்ம மாட்டுச் சந்தைத் தரகனெல்லாம் பிச்சை வாங்கோணும். வலது காலு சாக்ஸை முதல்ல போட்டா ஜெயிக்கும்னு போடறவரு உண்டு. ஜெயிச்ச அன்னிக்குப் போட்ட சட்டையைத் தொவைக்காம வெச்சிருக்கறவரு உண்டு. டிமெல்லோ என்னைத் தனியாக் கூப்புட்டு, "குப்பண்ணன், நீ வேட்டி கட்டிக்கினு வா. சூட்டு உனக்கு ஆகலை"ன்னாரு. வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். தோத்தா. கிழக்குக் கேட்டு வழியா வரச் சொன்னாங்க. வந்தேன். தோத்தா. ஜோசியக்காரரு சனி பாக்கறான்னு எள்ளு விளக்குப் போடச் சொன்னாரு. போட்டேன். சனிக்கு எண்ணெய் பத்தலையோ என்னவோ, தோத்தா.

ஊட்டுக்காரியோட வந்தா தோசம் கழியும்னாரு மஸ்தான் பாய். துளசிமணியைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ போய் அம்மிணி மூஞ்சியைத் தொட்டா. அம்மிணி பேசாம அவ கையை நக்கிக்கிட்டு நின்னா. தும்மவே இல்லை. அப்புறம் நான் போய்த் தொட்டேன். தும்மல்னா தும்மல்! பாத்தயாடி, யாருகிட்டப் பாசம்னு, அப்படின்னேன். துளசிமணி முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. பொறாமைங்க. அன்னிக்கும் தோத்தாச்சு.

ஒருக்கா மட்டும் ஒரு அதிசயம் நடந்துச்சு. ரெயில் லேட்டு. கிண்டியில எறங்கி ஓடறேன், கேட்டுப் பக்கம் போறேன், உள்ள ஓன்னு சத்தம். அம்மிணி ஜெயிச்சுட்டா. நான் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு உள்ள போய்ச் சேரறதுக்குள்ள வரதராஜுலு கடிவாளத்தைப் புடிச்சு நடத்தி, போட்டோ எடுத்து, எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்பத்தான் டிமெல்லோ கண்டுபுடிச்சாரு, என்ர ராசி கேட்டுக்கு வெளிய செல்லாதுன்னு. உள்ள வந்தாத்தான் வெசம். வெளிய நின்னா ஒண்ணும் பண்ணாது. இப்பத் தெரியுதுங்களா, நான் ஏன் பஸ் ஸ்டாண்டோட நிக்கறேன்னு?

பர்லியாறு வந்திருச்சு. டீ குடிக்கலாம், எறங்குங்க. நான் குடுக்கறேன், நீங்க பையில கை விடாதீங்க.

நல்ல டீயிங்க. கீழ நின்னப்ப உங்களுக்குத் தும்மல் நின்னு போச்சு, பாத்தீங்களா? டீக்கு அந்த மகிமை உண்டு. அட, ஏறி உக்காந்ததும் மறுபடியுமா? சரி, கேளுங்க.

கோயமுத்தூருல ஒரு ஓட்டல்ல கூட்டம் போட்டாங்க. நெய் ரோஸ்ட் வாங்கிக் குடுத்தாங்க. நெய் ரோஸ்ட் வாங்கிக் குடுத்தா ஒரு சங்கடத்தைச் சொல்லப் போறாங்கன்னு அர்த்தம். வரதராஜுலு என்ர கையைப் புடிச்சுக்கிட்டு, "குப்பண்ணா, உன்ர பங்கு உன்ர ஊடு தேடி வரும். நீ மட்டும் வராம இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்"னாரு. மத்த ரெண்டு காலுக்காரங்களும் தலையை ஆட்டுனாங்க. மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா அவளுக்கு ஆகாதுன்னா நான் எதுக்குங்க போகோணும்? ஒத்துக்கிட்டேன். ரோஸ்ட்டையும் முழுசாத் தின்னுட்டுத்தான் வந்தேன், அதுல ஒண்ணும் கொறை வெக்கலை.

அப்புறம் ஜெயிச்சா பாருங்க, ஜெயிச்சுக்கிட்டே இருந்தா. மெட்ராஸ், பெங்களூரு, ஊட்டின்னு. ஒவ்வொரு தடவையும் தபால்ல போட்டோ வரும். மூணு பேரு நிப்பாங்க, பல்லெல்லாம் தெரியும். எல்லாத்தையும் சட்டம் போட்டுக் கடையில மாட்டி வெச்சேன். பொடி வாங்க வர்றவங்க கேப்பாங்க, "இதுல நீங்க எங்கீங்க?"ன்னு. பின்னங்காலைக் காட்டி, "இதா, இதுதானுங்க நானு"ம்பேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். கடையைச் சாத்துனதுக்கு அப்புறம் சிரிக்க மாட்டேன்.

ஊட்டியில சீசனோட பெரிய கப்பு. அதுல அம்மிணிதான் ஜெயிக்கும்னு பேப்பர்ல எல்லாம் போட்டுட்டான். எனக்கு இருப்புக் கொள்ளலை. குரங்குக் குல்லா ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு, கண்ணு மட்டும் தெரியற மாதிரி, துளசிமணிக்கும் சொல்லாமப் பஸ் ஏறிட்டேன். தூரத்துல வேலியோரம் நின்னு பாத்துட்டுத் திரும்பிரலாம்னுதான் போனது. சத்தியமாங்க. ஆனா காலையில லாயத்துப் பக்கம் நடக்கறப்ப மஸ்தான் பாய் அவளை வெளிய கூட்டிக்கிட்டு வந்தாரு. குல்லாவைப் போட்டிருந்தும் அவ என்னைக் கண்டுக்கிட்டா. காதை நிமித்தி நின்னா. எப்படிங்க தாங்கறது? போய்க் கட்டிக்கிட்டேன். பல மாசத்துப் பிரிவு, முகத்தோட முகம் வெச்சுக்கிட்டு நின்னேன். எத்தனை தும்மல் தும்முனாள்னு எனக்கே கணக்குத் தெரியலை. அவளுக்கும் அத்தனை ஏக்கம் இருந்திருக்குது.

கப்பு போச்சுங்க. முதல் வளைவுலயே மூச்சு வாங்கிருச்சாம். அவ மேல பணங் கட்டுனவங்க சீட்டைக் கிழிச்சுக் கிழிச்சு மேல எறியறாங்க, மார்கழிப் பனி மாதிரி என்ர குல்லா மேல விழுகுது. டிமெல்லோ தொப்பியைக் கழட்டிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தப் பெரிய மனுசன் அழுததை நான் பாத்தேன். அந்த ஓட்டத்துல முன்னங்காலுல நரம்பும் வீங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அவ ஓடவே இல்லை. குன்னூர் வரைக்கும் பஸ்ஸுல அழுதுக்கிட்டே எறங்குனேன். குல்லா போட்டிருந்ததுனால யாருக்கும் தெரியலை, அது ஒண்ணுதான் அந்தக் குல்லாவால ஆன உபகாரம்.

ஓட்டம் போனா என்ன, பொம்பளைக் குதிரைக்கு வேற வாழ்க்கை இருக்குதுங்களே. ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில விட்டாங்க, குட்டி எடுக்கறதுக்கு. எனக்கு அதுல ஒரு சந்தோசம். பண்ணையில கேட்டும் கிடையாது, கப்பும் கிடையாது, என்ர ராசி யாரையும் ஒண்ணும் பண்ணாது. எப்ப வேணும்னாலும் போவேன். அவ மூஞ்சியைத் தடவுவேன். அவ தும்முவா. நான் ஊருக் கதையெல்லாம் சொல்லுவேன். ஒரு வாய்ப் பேச்சுக்குக்கூட மூஞ்சியைத் திருப்பிக்க மாட்டா பாவம். கட்டித்தான் இருப்பாங்க, எங்க போவா?

அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாங்க பாருங்க, அதை நீங்க பாக்கோணும். அஞ்சு தலைமுறை! அப்பன் யாரு, அப்பனைப் பெத்த அப்பன் யாரு, எந்த ஊருல எத்தனை ஓட்டம், கோவம் வருமா, காலு கோணலா, எல்லாம். எங்க கல்யாணத்துக்கு அதுல பாதி பாத்திருந்தாங்கன்னா துளசிமணி தப்பிச்சிருப்பா. கடைசியில சீமையில இருந்து வந்த ஒரு கருங்குதிரை அமைஞ்சுது. முகூர்த்த நாள் குறிச்சதும் வரதராஜுலு போன் பண்ணுனாரு. "குப்பண்ணா, அன்னிக்கு மட்டும்..." நானே சொல்லிட்டேன், வரலீங்கன்னு. முதல் வருசம் தங்கலை. முந்துன வாரம் நான் போய்ப் பாத்துட்டு வந்ததுதான் காரணம்னு ஆச்சு. அடுத்த வருசம் அந்தத் தேதிக்கு நான் பழனியில மொட்டை போட்டுக்கிட்டு நின்னேன். தங்கிருச்சு! குதிரைக்குச் செனை நிக்கறதுக்கு மொட்டை போட்ட ஆளு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்.

இங்கிலீசு வருசப் பொறப்பு கழிஞ்சு தையில குட்டி போட்டா. ஆம்பளைக் குட்டி. ஆத்தா மாதிரியே பின்னங்காலுல அந்த வெள்ளைப் பட்டை. நான் போய் மூஞ்சியைத் தொட்டேன், நிக்கக்கூடத் தெம்பில்லாத குட்டி, தும்முச்சு. "பாருங்க, அவங்காத்தா சொல்லிக் குடுத்திருக்கறா"ன்னேன். பண்ணையில எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்குச் சில்வர் பிரின்ஸுன்னு பேரு வெச்சாங்க. எனக்கு அப்புனுதான்.

போன மழைக் காலத்துல அம்மிணி போயிட்டா தம்பி.

வயித்து நோவு. குதிரைக்கு அது வந்தா பெரும்பாலும் அவ்வளவுதானாம். தந்தி வந்ததும் ஓடுனேன். மத்தியானம், வெயிலும் தூறலுமா இருந்துச்சு. படுத்துக் கெடந்தா. தலையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். வேர்த்து வேர்த்துக் கொட்டுது, இதா, இந்தத் துண்டாலதான் மூஞ்சியெல்லாம் தொடச்சு விட்டேன். டாக்டர் ஊசி போட்டுட்டுத் தள்ளி நின்னுட்டாரு. கண்ணைத் தெறந்து என்னைப் பாத்தா. ஒரு தும்மல். சின்னதா. தெம்பே இல்லை, அதுலயும் எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வெச்சிருந்தா. அப்புறம் இல்லை. அந்த ஒத்தைத் தும்மலை நெனைச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடிக்கிட்டு இருக்கறேன். சிரிக்கறதுன்னா சிரிச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை.

ஊட்டி வந்திருச்சுங்க. எறங்குங்க, படி ஈரம். அதா, அந்தக் கம்பி வேலி தெரியுதுங்களா? பஸ் ஸ்டாண்டை ஒட்டியேதான் ரேஸ் கோர்ஸு. இன்னைக்கு அப்புனுவோட முதல் ஓட்டம். இந்தப் பெஞ்சுல உக்காந்துக்குவேன், ஒலிபெருக்கியில சொல்றது இங்க கேக்கும்.

உங்களுக்கு நாளைக்குத்தானே வேலைன்னு சொன்னீங்க? ஒரு உதவி பண்ணுங்க தம்பி. இந்தாங்க, குதிரைச் சொந்தக்காரங்க பாஸு. இதைக் காட்டுனா உள்ள விட்டுருவாங்க. வரதராஜுலுகிட்டக் குப்பண்ணன் அனுப்புன ஆளுன்னு சொல்லுங்க. ஓட்டத்துக்கு முன்னால இந்தத் துண்டால அப்புனு மூஞ்சியை ஒருக்கா நல்லாத் தொடச்சு விட்டுருங்க. அவங்காத்தா மூஞ்சியைத் தொடச்ச துண்டு. அன்னையில இருந்து தொவைக்கலீங்க, என்ர தோளுலயேதான் கெடக்குது. நான் வராட்டியும் என்ர கை அவன் மேல பட்ட மாதிரி இருக்கும்.

பாருங்க, கையில வாங்குனதும் தும்மறீங்க. அவளும் அப்படித்தான்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? என்ன? பொடியா? துண்டுலயா? ஆமா, இருக்கும், நான் மூக்குத் தொடைக்கறதும் இதுலதான். அதுக்கென்ன?

என்ன பேசறீங்க நீங்க! மூணு தலைமுறைச் சரக்குங்க இது! டெபுடி கலெக்டரெல்லாம் ஆள் விட்டு வாங்கிக்கிட்டுப் போறாங்க! குதிரைக்கு இது என்ன பண்ணப் போகுது? ராசிக்கும் பொடிக்கும் என்னங்க சம்பந்தம்? இத்தனை பெரிய மனுசங்க, டிமெல்லோ, வரதராஜுலு, ஜோசியக்காரரு, ஒருத்தருக்குத் தெரியாததா நேத்து வந்த உங்களுக்கு...

இருங்க.

மூக்கால மட்டும்தான் மூச்சு விடும்னாரு அந்த மனுசன். முதல் நாளே சொன்னாரு. நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். உங்களுக்கும் சொன்னேன்.

துளசிமணி கையை அம்மிணி நக்குனா. தும்மலை.

அந்தக் கப்பு அன்னைக்கு முகத்தோட முகம் வெச்சுக்கிட்டு நின்னனே தம்பி. விடவே மாட்டன்னு நின்னனே.

கொஞ்சம் உக்காந்துக்கறேன். இல்லீங்க, தண்ணி வேண்டாம்.

எனக்கு ராசி இல்லைன்னு எல்லாரும் சொன்னப்பகூட நான் இப்படி ஆகலை. ராசி இல்லைன்னா என்ன? எத்தனையோ பேருக்கு இல்லை. சொல்லிச் சிரிச்சுக்கலாம். ஆனா அவ என்னைப் பாத்தாச் சந்தோசத்துல தும்முவான்னு இருந்தேனே. மடியில வெச்சுக்கிட்டு இந்தத் துண்டால தொடச்சனே, அப்பவும் அவளுக்கு மூக்கு எரிஞ்சிருக்குது. அந்தக் கடைசித் தும்மலும் எனக்கு இல்லை. பொடிக்கு.

பேசுங்க தம்பி. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க. நல்ல மனுசன் நீங்க, பொய் வராது உங்களுக்கு.

என்ன சத்தம் அது? குதிரைகளை வெளிய கொண்டாறாங்களா?

இங்க கொழாய் எங்க இருக்குது? ஊட்டித் தண்ணி இந்த நேரத்துக்கு ஐஸாத்தான் இருக்கும், இருக்கட்டும். சோப்பு இருக்குதுங்களா உங்க பையில? குடுங்க. மீசையையும் கழுவோணும். கோட்டைக் கழட்டிர்றேன், கோட்டுப் பையெல்லாம் பொடிதான். குளுரட்டும். துண்டை நீங்க புடிங்க, தள்ளிப் புடிங்க. டப்பாவையும் வாங்கிக்குங்க. அந்தப் பாஸை இப்படிக் குடுங்க, நானே போறேன்.

வரதராஜுலு கத்துவாரு. கத்தட்டும். என்னைப் பாத்து எழுதுன ஆளுதானே.

எல்லாம் போச்சுங்களா? மோந்து பாருங்க. கூச்சப்படாதீங்க, கையை மோந்து பாருங்க. தும்மல் வரலை. வரலையில்ல? சரி.

இந்தக் கையோட போய் அப்புனுவைத் தொடப் போறேன். அவன் தும்மலைன்னா ஓடுவான், ஜெயிச்சாலும் ஜெயிப்பான், நான் கடிவாளத்தைப் புடிச்சு நடத்தினாலும் நடத்துவேன், போட்டோவும் எடுப்பாங்க. தும்மலைன்னா அவங்காத்தா ஒருநாளும் எனக்காகத் தும்மலைன்னும் ஆயிரும். ரெண்டும் ஒரே நேரத்துல தெரிஞ்சுபோகும் பாருங்க, அந்த மூஞ்சியோடதான் போட்டோவுல நிக்கோணும்.

நீங்க இங்கயே இருங்க தம்பி, எங்கயும் போயிராதீங்க. டப்பாவைப் பத்திரமா வெச்சுக்குங்க. எப்படி ஆனாலும் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு சிட்டிகை வேணும்.